வகுப்பில் தாயம் போட்ட கதை

ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவுதான் கடைசிப் பாடம். பத்தாம் வகுப்பிலும் புள்ளியியலோடு ஒட்டிக்கொண்டு கடைசியில்தான் வரும். கடைசிப் பாடத்துக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன மரியாதை கிடைக்கும் என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். ஆண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும். சாதகமான வாய்ப்புகளை மொத்த வாய்ப்புகளால் வகுக்கவும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, நாணயத்தில் ஒன்று, பகடையில் ஒன்று, சீட்டுக்கட்டில் ஒன்று, பையிலுள்ள சிவப்புப் பந்து நீலப் பந்தில் ஒன்று என்று நாலு கணக்கு. பாடம் முடிந்தது. நானும் ஆறேழு வருடம் அப்படித்தான் முடித்தேன். மதிப்பெண்ணும் ஒழுங்காக வந்தது.

சீட்டுக்கட்டுக் கணக்கு மட்டும் எப்போதும் ஒரு கூத்து. சீட்டு தெரிந்த பையன்கள் தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். பெண்பிள்ளைகளுக்கு ஸ்பேடு எது, கிளாவர் எது என்று தெரியாது. 52இல் 13 என்பதை மனப்பாடம் செய்துவிட்டு எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள்.

அப்படிச் சரியாக எழுதுகிற ஒரு பையன், இடைவேளையில் கபடிக்கு அணி பிரிக்கும்போது சொன்னது என் காதில் விழுந்தது. "நேத்துலேர்ந்து மூணு தடவையும் தலைதான் விழுந்திருக்கு. இன்னிக்குப் பூ கேளுடா, பூதான் விழும்." முந்தின வாரத் தேர்வில், ஒவ்வொரு முறையும் பூ விழ நிகழ்தகவு ½ என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் அவன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் நடத்திய பாடம் விடைத்தாளோடு நின்றுவிட்டது. வகுப்பறை வாசலைக்கூட அது தாண்டவில்லை.

அடுத்த வருடம் இந்தப் பாடத்தைக் கடைசிக்குத் தள்ளாமல் ஜூலையிலேயே எடுத்தேன். எடுத்துக்கொண்டு போனது எங்கள் வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டையை.

தாயக்கட்டையைத் தெரியாதவர்களுக்காக: விரல் நீளத்தில் நாலு பட்டையுள்ள இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பட்டையில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று, ஒரு பட்டை வெறுமை. இரண்டையும் உள்ளங்கையில் உருட்டித் தரையில் விட்டு, புள்ளிகளைக் கூட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். எங்கள் பக்கத்தில் ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு முறை போடலாம்.

முதலில் கட்டையை யாரிடமும் கொடுக்கவில்லை. "தாயம் விழ எவ்வளவு வாய்ப்பு? நோட்டில் எழுதி, பக்கத்தில் உங்கள் பெயரும் போடுங்கள்" என்றேன். இந்த ஒரு பழக்கத்தை நான் இன்றுவரை விடவில்லை. வாயால் சொன்ன யூகத்தை விடை தெரிந்ததும் மாற்றிக்கொள்வார்கள். எழுதி வைத்ததை மாற்ற முடியாது. பாதிக்கு மேல் எழுதியிருந்தது ஏழில் ஒன்று. காரணமும் ஒழுங்காகவே இருந்தது: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு, ஆக மொத்தம் ஏழு எண்கள், அதில் ஒன்று தாயம்.

இது முட்டாள்தனமான தவறே இல்லை. இரண்டு முறை நாணயம் சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று, 1754இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் தாலம்பேர் எழுதினார். நாலில் மூன்று என்பதுதான் சரி. அவர் அந்தக் காலத்தின் பெரிய கணிதமேதை. விழக்கூடிய விதங்களை எண்ணினார், எல்லா விதமும் சம எடையுள்ளதா என்று பார்க்கவில்லை. எங்கள் பிள்ளைகள் செய்ததும் அதேதான். இதை அவர்களிடம் சொன்னபோது வகுப்பில் ஒரு பெருமை பரவியதைப் பார்க்க வேண்டுமே!

அப்புறம் ஒரு கட்டையின் பட்டைகள் மேலே, மற்றதன் பட்டைகள் பக்கத்தில் என்று நாலுக்கு நாலு கட்டம் போட்டோம். மொத்தம் 16 அறை. தாயம் இரண்டு அறையில் மட்டும் வருகிறது. எட்டில் ஒன்று. மூன்று விழ நாலு அறை. பன்னிரண்டுக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று. கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு பெண், "டீச்சர், அடிக்கடி விழாததுக்கெல்லாம்தான் மறு ஆட்டம் கொடுத்திருக்காங்க" என்றாள். உண்மைதான். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு எல்லாம் சேர்த்தே 16இல் ஆறு அறைதான். சும்மா விழுகிற இரண்டு, மூன்று, நாலுக்குப் பத்து அறை. யார் எப்போது இந்த ஆட்டத்தை அமைத்தார்களோ, எண்ணத் தெரிந்தவர்கள்தான் அமைத்திருக்கிறார்கள்.

கட்டத்தில் எண்ணியதைத் தரையில் சரிபார்க்க வேண்டுமே. ஒரு மாணவனின் மாமா தச்சர். சதுரச் சட்டத்தை அறுத்து எட்டு ஜோடிக் கட்டை செய்து தந்தார். எட்டுக் குழு, குழுவுக்கு 80 வீச்சு. சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியர் வந்துவிட்டார். "என்ன டீச்சர், வகுப்புல தாயமா? பெற்றோர் பார்த்தா சூதாட்டம் சொல்லிக்கொடுக்கிறோம்னு பேசுவாங்க." இந்தப் பாடமே சூதாட்டத்தில் பிறந்ததுதான் சார் என்றேன். பாதியில் நின்றுபோன ஆட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று 1654இல் பாஸ்கல், பெர்மா என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித மேதைகள் எழுதிக்கொண்ட கடிதங்களில்தான் இந்தக் கணக்கு உருவானது. அவருக்கு அது அவ்வளவாகத் திருப்தியளிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

80 வீச்சுக்குப் பத்துத் தாயம் எதிர்பார்க்கலாம். ஒரு குழுவுக்கு 15 விழுந்தது. இன்னொரு குழுவுக்கு நாலுதான். நாலு விழுந்தவர்கள் கட்டை கோணல் என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். சரி, அதே கட்டையை இன்னும் 80 முறை போடுங்கள் என்றேன். இம்முறை 11. எல்லாக் குழுவின் முதல் சுற்றையும் கூட்டியபோது 640 வீச்சில் 87 தாயம்; எட்டில் ஒன்று என்றால் 80 வந்திருக்க வேண்டும். "ஏழு அதிகமா இருக்கே டீச்சர்" என்றான் ஒருவன். இருக்கட்டும். சரியாக 80 விழுந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும், யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று.

இதிலிருந்து இன்னொரு கேள்வி தானாகவே கிளம்பியது. எட்டில் ஒன்று என்றால் எட்டு முறை போட்டால் ஒரு தாயம் கட்டாயம் விழ வேண்டாமா? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் விழ வேண்டும் என்றார்கள். ஒரு முறை விழாமல் போக எட்டில் ஏழு. அதையே எட்டு முறை பெருக்கிப் பார்த்தால் 0.34 வருகிறது. மூன்று பேர் ஆட உட்கார்ந்தால், எட்டு எட்டு முறை போட்ட பிறகும் அவர்களில் ஒருவர் காய் இறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது சாதாரணம். கபடிப் பையனை அப்போது திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

எங்கள் அப்பாவின் மேஜை இழுப்பறையில் லாட்டரிச் சீட்டு ஒரு கட்டு ரப்பர் பேண்டு போட்டு இருக்கும். 1968இல் தமிழ்நாட்டு அரசே பரிசுச் சீட்டு தொடங்கியபோது "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று சொல்லித்தான் விற்றார்கள். 2003இல் தடை வரும்வரை அப்பா வாங்கிக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷம் விழலைல்ல, அப்ப இனிமே விழணும்" என்பார். கபடிப் பையன் சொன்னதும் அதே வாக்கியம்தான். அப்பாவுக்கு நான் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியதே இல்லை.

இதுவரை நடந்தது எண்ணிக்கை. முடிவெடுப்பது எங்கே வந்தது என்றால், மூன்றாவது நாள் உண்மையாகவே ஆட விட்டபோது.

ஒரு ஆட்டம் இழுபறியில் இருந்தது. ஆடிய பெண்ணுக்கு இரண்டு காய்கள் மாட்டியிருந்தன. ஒன்று 40 கட்டம் சுற்றி வந்து பழுக்கப் போகிற, அதாவது சுற்றை முடிக்கப் போகிற காய். எதிராளியின் காய் அதற்கு ஆறு கட்டம் பின்னால். இன்னொன்று இறங்கி ஐந்து கட்டம்தான் வந்திருக்கிறது. அதற்கு மூன்று கட்டம் பின்னால் எதிராளி. அவள் எந்தக் காயை நகர்த்தினாலும் அது மலையில், அதாவது வெட்ட முடியாத கட்டத்தில், ஏறித் தப்பித்துவிடும். மற்றது வெட்டுக்கு நிற்கும். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில் புதுக்காயை நகர்த்தச் சொன்னார்கள். இரண்டு நாள் பாடம் வீண்போகவில்லை பாருங்கள்! மூன்று விழ 16இல் நாலு, ஆறு விழ 16இல் ஒன்றுதானே? ஆபத்து அதிகமான காயைக் காப்பாற்று என்றார்கள்.

அவள் பழைய காயை நகர்த்தினாள். ஏன் என்று கேட்டேன். "எங்க ஆயா அப்படித்தான் ஆடும்" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "இது போனா 40 கட்டம் போச்சு டீச்சர். அது போனா அஞ்சுதானே" என்றாள்.

கரும்பலகைக்கு ஓடினேன். பழைய காய்க்கு 40ஐ 16இல் ஒன்றால் பெருக்கினால் இரண்டரைக் கட்டம். புதுக்காய்க்கு ஐந்தை 16இல் நாலால் பெருக்கினால் ஒன்றேகால். வெட்டுப்பட்டால் மறுபடி தாயம் போட்டு இறங்க வேண்டியது இரண்டுக்கும் பொது, அதை விட்டுவிடலாம். ஐந்து போட்டு, மறு ஆட்டத்தில் ஒன்று விழுந்தாலும் ஆறாகுமே என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. அதையும் சேர்த்துப் பார்த்தோம், முடிவு மாறவில்லை. ஆயா சொன்னது சரி.

எவ்வளவு வாய்ப்பு என்பது பாதிக் கேள்வி, நடந்தால் எவ்வளவு போகும் என்பது மறுபாதி. இதை நான் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட வகுப்பில் சொன்னதில்லை. புத்தகக் கணக்கில் சிவப்புப் பந்து வந்தால் யாருக்கும் ஒன்றும் போகாது. அதனால்தானோ என்னவோ, அந்தப் பந்தைப் பற்றி எந்தப் பிள்ளையும் கவலைப்படுவதில்லை.

சொல்லிக்கொடுத்தவளுக்கே அது ஏறவில்லை என்பது செப்டம்பரில் தெரிந்தது. கணித மன்றக் கண்காட்சி. பிள்ளைகள் இரண்டு வாரம் உட்கார்ந்து சார்ட்டும் அட்டை மாதிரிகளும் செய்திருந்தார்கள். மைதானத்தில் வைப்பதா, வராண்டாவில் வைப்பதா? மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யக்கூடும் என்று வானிலை அறிக்கை. "ஓரிரு இடங்களில்" என்பதைக் கேட்டுச் சிரிப்பது நமக்கெல்லாம் வழக்கம். ஆனால் வானிலை ஆய்வுத் துறைக்கு அதில் கணக்கு இருக்கிறது. அந்தப் பகுதியிலுள்ள மழை அளக்கும் நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவானால் ஓரிரு இடங்கள். 26 முதல் 50 வரை சில இடங்கள், 51 முதல் 75 வரை பல இடங்கள், அதற்கு மேல் பெரும்பாலான இடங்கள். இதை வகுப்பில் சொல்லி, நம் பள்ளிக்கூடம் நனைய அதிகம் போனால் நாலில் ஒன்று, மைதானத்திலேயே வைப்போம் என்று கம்பீரமாக முடிவெடுத்தேன்.

மூன்றரை மணிக்குக் கொட்டியது. பதினைந்து நிமிடம்தான். சார்ட்டெல்லாம் சாயம் ஒழுகி, பிதாகரஸ் தேற்றம் மேஜையோடு ஒட்டிக்கொண்டது. சில பிள்ளைகள் அழுதுவிட்டார்கள்.

மறுநாள் வகுப்பில் இரண்டு கட்சி. ஒரு கட்சி வானிலை அறிக்கை பொய் என்றது. நாலில் ஒன்று என்றால் நாலு நாளில் ஒரு நாள் பெய்யத்தானே செய்யும், அதில் என்ன பொய் என்று நானே பதில் சொன்னேன். இன்னொரு கட்சி என்னைக் காப்பாற்ற வந்தது: டீச்சர் முடிவு சரிதான், மழைதான் தப்பு. அது கேட்க நன்றாகத்தான் இருந்தது. நல்ல முடிவுக்கும் கெட்ட பலன் வரும் என்பதைப் பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள் என்று மகிழ்வதற்குள் தாயத்தில் பழைய காயை நகர்த்திய அதே பெண் எழுந்தாள். "டீச்சர், வராண்டாவுல வெச்சிருந்தா நமக்கு என்ன நஷ்டம்?"

கொஞ்சம் நெருக்கடியாக இருந்திருக்கும். அவ்வளவுதான். மைதானத்தில் நனைந்தால் போவது இரண்டு வார உழைப்பு. நாலில் ஒன்றுக்காக அதைப் பணயம் வைத்திருக்கவே கூடாது. மழை பெய்யாமல் போயிருந்தாலும் அது தப்பான முடிவுதான், யாருக்கும் தெரியாமல் போயிருக்கும், அவ்வளவே. இதை ஒப்புக்கொண்டு கரும்பலகையில் என் முடிவை நானே திருத்தினேன். அந்த வருடம் நான் எடுத்த பாடங்களில் பிள்ளைகள் மறக்காதது அதுதான் என்று நினைக்கிறேன். மறக்க விடுவதாகவும் இல்லை. லேசாக மேகம் கறுத்தால்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நடுவில் பத்தாம் வகுப்பில் ரத்தப் பரிசோதனைக் கணக்கு ஒன்றை முயன்றேன். நோய் இருப்பவர்கள் 1 சதவீதம், பரிசோதனை 90 சதவீதம் பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும், இல்லாதவர்களிலும் 10 சதவீதம் பேருக்கு இருப்பதாகக் காட்டும் என்று ஒரு கற்பனைக் கணக்கு. இருக்கிறது என்று முடிவு வந்தவருக்கு உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? எல்லோரும் 90 என்றார்கள். சதவீதத்தை அழித்துவிட்டு ஆட்களாகச் சொன்னேன். ஊரில் 1000 பேர். நோய் 10 பேருக்கு, அதில் 9 பேர் அகப்படுவார்கள். மீதி 990 பேரில் 99 பேருக்குத் தவறாக இருக்கிறது என்று வரும். ஆக 108 பேரில் 9 பேர், பன்னிரண்டில் ஒருவர். சதவீதத்தில் அரைமணி நேரம் முட்டிக்கொண்டது, ஆட்களாக எண்ணியபோது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. எப்போதும் ஆட்களாக எண்ணச் சொல்லுங்கள்.

பூக்கணக்குதான் இன்னும் முடியாமல் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு மாணவனின் அம்மா பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறார். விடிவதற்கு முன் நிலக்கோட்டைச் சந்தையில் மல்லிகை எடுத்து, கட்டி, பொழுதுசாயும்வரை முழம் போட்டு விற்பார். ராத்திரி மீந்தால் மொட்டு விரிந்துவிடும். மறுநாள் யாரும் வாங்க மாட்டார்கள். எத்தனை முழத்துக்குப் பூ எடுப்பது என்பது அவருக்குத் தினமும் ஒரு முடிவு. பையன் ஒரு மாதம் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தான். விலை தினம் மாறும் என்பதால் ஒரு சராசரியை வைத்துக்கொண்டோம்: பூ, நார் எல்லாம் சேர்த்து முழத்துக்கு அடக்கம் 20 ரூபாய், விற்பது 35. விற்றால் 15 லாபம், மீந்தால் 20 நஷ்டம்.

இன்னும் ஒரு முழம் கூட எடுக்கலாமா? ஏழு நாளில் நாலு நாள் விற்று மூன்று நாள் மீந்தால், லாபம் 60, நஷ்டம் 60. கட்டுப்படியாகும் எல்லை அது. ஏழு நாளில் நாலு நாளுக்கு மேல் விற்கும் என்றால் எடுக்கலாம். 30 நாளுக்கு அது 17 நாள் சொச்சம். நோட்டில் 50 முழமோ அதற்கு மேலோ விற்றது 26 நாள், 60க்கு மேல் 19 நாள், 70க்கு மேல் 10 நாள். எனவே 60 எடு என்று வகுப்பே தீர்ப்புச் சொன்னது. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அம்மா வந்தபோது நோட்டைக் காட்டினேன். விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தார். "ஏன் டீச்சர், முகூர்த்த நாளையும் சாதா நாளையும் ஒண்ணா போட்டா எப்படி?" என்றார்.

பிரித்து எழுதினோம். 70க்கு மேல் விற்ற அந்தப் பத்து நாளும் முகூர்த்தமும் வெள்ளிக்கிழமையும்தான். அந்த நாட்களில் அவர் 90 எடுக்கிறார். மீதி 20 சாதா நாளில் 60 முழமும் தீர்ந்தது ஒன்பது நாள் மட்டுமே. 20 நாளுக்கு எல்லை ஏறக்குறைய பதினொன்றரை நாள். 50 தீர்ந்தது 16 நாள். அப்படியானால் சாதா நாளுக்கு 60 எடுப்பது அதிகம், 50 போதும். எங்கள் தீர்ப்பு தப்பு. நம்மிடம் இருக்கும் ஒரு தகவலை வைத்து நாட்களைப் பிரிக்காமல் மொத்தமாக எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் தேடியும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

"அப்ப நீங்க சாதா நாள்ல 50 எடுத்தாப் போதுமே அக்கா, ஏன் 60 எடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"வாடிக்கைக்காரங்க வந்து பூ இல்லைன்னு திரும்பிப் போனா பக்கத்துக் கடைக்குப் போவாங்க டீச்சர். நாளைக்கும் அங்கதான் போவாங்க. 15 ரூபாயா அது?" என்றார்.

மகனைப் பார்த்து, "பூ தீர்ந்த பிறகு வந்து கேட்டவங்களை நீ எழுதவே இல்லையே" என்றும் சொன்னார். விற்றதை மட்டும் எழுதினால் 60 முழமும் தீர்ந்த நாளில் 61 பேர் கேட்டார்களா, 80 பேர் கேட்டார்களா என்று நோட்டுக்குத் தெரியாது. எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

இப்போது அந்த நோட்டில் புதிதாக ஒரு பத்தி இருக்கிறது. தலைப்பு: கேட்டுட்டுப் போனவங்க. சாயங்காலம் டியூஷன் முடிந்து போய், அம்மா சொல்லச் சொல்லப் பையன் கோடு போடுகிறான். போன செவ்வாய்க்கிழமை வரியில் ஏழு கோடு இருந்தது. அதில் இரண்டு கோட்டைச் சுற்றி வட்டம். என்னடா இது என்று கேட்டேன். அவங்க ரெண்டு பேரும் தினம் வாங்கறவங்களாம் டீச்சர் என்றான்.